கேஸ் கணக்கில் விட்டுப்போன டயர்

நான் கார் சீட்டுக்குக் கவர் தைக்கிறவள். டயர் கடைக்காரி இல்லை. இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் போன மாதம்வரை என் கடை வாசலைப் பார்த்த யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். உள்ளே ஒரு தையல் மெஷின், நாலு சுருள் ரெக்சின், கொஞ்சம் ஸ்பாஞ்சு. வெளியே இடுப்புயரத்துக்கு டயர். வாடிக்கையாளர் உள்ளே வர வேண்டுமென்றால் வயிற்றை எக்கிக்கொண்டு வர வேண்டும்.

என் கடைக்கு ஒரு பக்கம் டாக்சி ஸ்டாண்ட். இன்னொரு பக்கம் காருக்கு எல்பிஜி கேஸ் மாட்டும் ஒர்க்‌ஷாப். எனக்குப் பிழைப்பு ஓடுவதும் இந்த இரண்டாலும்தான், ரத்தக்கொதிப்பு வந்ததும் இந்த இரண்டாலும்தான். விஷயம் இதுதான். கேஸ் மாட்டினால் டேங்கை எங்காவது வைத்தாக வேண்டும். உருளை டேங்க் என்றால் டிக்கியில் குறுக்கே படுத்துக்கொள்ளும். அதற்கு அடியில் சிக்கிக்கொண்ட ஸ்டெப்னியை, அதாவது மாற்று டயரை, அவசரத்துக்கு வெளியே எடுக்க முடியாது. வட்ட டேங்க் என்றால் டிக்கிக்கு அடியில் ஸ்டெப்னி இருந்த பள்ளத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். எப்படிப் பார்த்தாலும் ஸ்டெப்னிக்கு வீடு இல்லை.

முதலில் தன் டயரை உருட்டிக்கொண்டு வந்தவர் ஸ்டாண்ட் செக்ரட்டரிதான். "ரெண்டு நாள் இருக்கட்டும்மா" என்று என் வாசலில் சாத்தினார். இடம் கொடுத்தால் மடத்தையே பிடுங்குவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஸ்டாண்டில் இருக்கும் வண்டிக்கெல்லாம் நான்தான் கவர் தைக்கிறேன் என்பதும் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். அந்த இரண்டு நாள் முடியவே இல்லை. ஒருவர் பின் ஒருவராகக் கேஸ் மாட்டினார்கள், ஒருவர் பின் ஒருவராக என் வாசலுக்கு டயர் வந்தது. வழியில் யாருக்காவது பஞ்சரானால் ஸ்டாண்டுக்குப் போன் செய்வார்கள். அங்கே சும்மா இருப்பவர் என் வாசலுக்கு வந்து, அடுக்கிலிருந்து பஞ்சரானவருடைய டயரை எடுத்துக்கொண்டு ஓடுவார். இதற்குச் செக்ரட்டரி வைத்த பெயர் ஒற்றுமை. என் வாசலில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வளர்ந்த ஒற்றுமை.

இந்த டயர்க் கதைக்குள் வந்து மாட்டிக்கொண்டவள் என் அக்கா. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஈரப் போர்வைகளை அள்ளி அள்ளி மெஷினிலிருந்து மெஷினுக்கு மாற்றுகிற வேலை. உலர்ந்த போர்வையை யார் வேண்டுமானாலும் தூக்கலாம், ஈரப் போர்வை பிணக் கனம் கனக்கும். அந்தக் கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல். அதிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியின் பின்வாசல் தெரியும். டயாலிசிஸ் முடித்து, ரத்தம் சுத்தமாகி, உடம்பு துவண்டு வெளியே வருகிறவர்கள் அந்த வாசலில்தான் வண்டிக்கு நிற்பார்கள். சக்கர நாற்காலியைக் கண்டதும் டாக்சிக்காரர்களுக்கு எங்கிருந்துதான் அவசரம் வருமோ. வேகமெடுத்துப் போய்விடுவார்கள். தப்பித்தவறி ஒருவர் நிறுத்தினால் நாற்காலிக்குத் தனி வாடகை கேட்பார். அக்கா போர்வையை மடித்துக்கொண்டே இதைப் பல வருடம் பார்த்தாள். பார்த்துப் பார்த்து அவளுக்குள் ஏதோ கொதித்திருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் எனக்குக் கோபம் வாய்வழியாக வரும், அவளுக்கு உள்ளேயே வேகும்.

ஒருநாள் அவளுடைய வலது தோள் தூக்க வராமல் நின்றுவிட்டது. சலவைக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் அவள் வீட்டோடு இருக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். அவள் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

கூடவே அத்தானும் சேர்ந்தார். அத்தானுக்கு எடைமேடையில் வேலை. லாரி ஏறி நின்றதும் பட்டனை அழுத்திச் சீட்டுக் கொடுப்பார். நல்ல மனிதர், குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆனால் எதையும் எடை போட்டுத்தான் பார்ப்பாரே ஒழிய, தூக்கிப் பார்க்க மாட்டார். அக்கா முதல் தடவையே லைசென்ஸ் வாங்கினாள். அத்தான் ஒவ்வொரு தடவையும் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துத் திரும்பி வந்தார். பிறகு, "வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் போதும்" என்று ஒரு முடிவுக்கு வந்து, அக்கா டாக்சி ஓட்டக் கார் வாங்கியதும் அவளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அன்று உட்கார்ந்தவர்தான். "லெஃப்ட்ல பாரு, அவன் வர்றான், இண்டிகேட்டர் போடு, ஏன் இவ்வளவு வேகம், ஏன் இவ்வளவு மெதுவா." தினமும் காலையில் அக்கா அவரை எடைமேடையில் இறக்கிவிட்டுப் போவாள். அதுவரைக்கும் கச்சேரி நடக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஓட்டத் தெரியாதவருக்கு ஊர் ரோடெல்லாம் கோணல்.

அந்தப் பழைய காரை வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். டைப்பிங் டீச்சரும் வந்தார். டைப்பிங் டீச்சர் என்றால், எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, கால்களும் ஓய்ந்து, சக்கர நாற்காலியில் வந்து போகிறவர். சலவைக்கூட ஜன்னல்வழியாக அக்காவுக்குப் பழக்கமானவர். கார் விற்கிறவர் இஞ்சினைத் திறந்து காட்டினார், பாட்டுப் போட்டுக் காட்டினார், எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டினார். அக்கா எதையும் கேட்கவில்லை. டீச்சரை அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவருடைய சக்கர நாற்காலியை மடித்தாள். டிக்கியைத் திறந்து உள்ளே வைத்தாள். மூடினாள். முதல் இரண்டு காரிலும் மூடி நாற்காலியில் இடித்து நின்றது. மூன்றாவதில் 'டப்' என்று சாத்தியது.

"இந்த வண்டிதான்" என்றாள்.

"இஞ்சின் சத்தம் கேக்கவே இல்லையே நீ" என்றார் அத்தான்.

"டிக்கி சத்தம் கேட்டேன்ல" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து அவளுக்கு ஆஸ்பத்திரிச் சவாரிதான். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. ஸ்டாண்டில் இதற்கு மதிப்பே இல்லை. வெளியூர் சவாரி போகிறவர்தான் அங்கே டிரைவர். அக்காவை 'நர்சம்மா' என்று கிண்டல் செய்வார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

பெட்ரோல் விலைதான் அவளைக் கண்டுகொண்டது. விலை ஏற ஏற, அவளுடைய சின்னச் சின்னச் சவாரிகளில் மிஞ்சியது கரைந்தது. ஸ்டாண்டில் எல்லோரும் வாடகையை ஏற்றினார்கள். "நீயும் ஏத்து, என்ன யோசனை?" என்று கேட்டேன்.

"நான் ஏத்தினா டீச்சர் என்ன பண்ணுவாங்க தெரியுமா? வாரத்துல டயாலிசிஸ் போறதுல ஒரு தடவையைக் குறைச்சிடுவாங்க. அவங்க மட்டும் இல்ல, எல்லாருமே. ஒரு தடவை போகலன்னா என்னன்னு நினைப்பாங்க. நான் ஜன்னல்ல பாத்திருக்கேன். ஒரு தடவை விட்டவங்க அடுத்த தடவை எப்படி வருவாங்கன்னு எனக்குத் தெரியும்."

ஆக, வாடகை ஏறக் கூடாது, வண்டி ஓட வேண்டும். கேஸ் மாட்டலாமா என்ற பேச்சு அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அத்தானுக்குத் திருவிழாதான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார். லிட்டருக்கு எவ்வளவு மிச்சம், கிலோமீட்டருக்கு எவ்வளவு மிச்சம், மாட்டுகிற செலவு எத்தனை மாதத்தில் கைக்குத் திரும்பும். கேட்கத் தேன் மாதிரிதான் இருந்தது. நான் குறுக்கே ஒரு கேள்வி கேட்டேன். "இந்தக் கிலோமீட்டர் எல்லாம் யாரோடது?"

செக்ரட்டரியுடையது. தினமும் வெளியூர் போய் வருகிறவரின் ஓட்டத்தை வைத்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் போய் வருகிறவளுக்கு லாபம் எழுதிக்கொண்டிருந்தார் என் அத்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

அப்புறம் அக்கா கேட்கக் கேட்கத்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. கேஸில் ஓடினாலும் வண்டியைக் கிளப்பப் பெட்ரோல் வேண்டும். கேஸ் லிட்டருக்கு விலை குறைவு, ஆனால் அதே தூரத்துக்கு அதிக லிட்டர் குடிக்கும். வண்டிப் பதிவில் மாற்ற வேண்டும், இன்சூரன்ஸில் சொல்ல வேண்டும், டேங்கை அவ்வப்போது பரிசோதனைக்கு விட வேண்டும். கேஸ் பங்க் ஊருக்கு வெளியே, அதிலும் வரிசை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இத்தனையும் போக அக்காவுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் இருந்தால் வாடகையை ஏற்றாமல் ஓட்டலாம். அவளுக்கு அது போதும்.

அதன் பிறகு அவள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். கேஸ்காரரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "டிக்கி எனக்கு வேணும். அதுல கை வைக்காம மாட்ட முடியுமா?"

"டாக்சிக்கு எதுக்கும்மா டிக்கி?" என்று சிரித்தார் கேஸ்காரர். பக்கத்துக் கடையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த எனக்குக் காதில் விழுந்தது. ஊசி விரலில் ஏறியது. டாக்சிக்கு எதற்கு டிக்கியாம். அரிசிக்கடைக்காரரிடம் போய்த் தராசு எதற்கு என்று கேட்பார்களா?

அக்கா பொறுமையாக நாற்காலியைப் பற்றிச் சொன்னாள். அவர் வட்ட டேங்க்கைக் காட்டினார். ஸ்டெப்னி பள்ளத்தில் வைத்துவிட்டால் டிக்கி அப்படியே இருக்கும்.

"அப்ப ஸ்டெப்னி?"

கேஸ்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார், என் கடை வாசலை நோக்கி. "எல்லாரும் அங்கதானம்மா வைக்கிறாங்க."

வண்டிக்கு மேலே கேரியர் போட்டு டயரை வைக்கலாமே என்றேன் நான். போடலாம். ஆனால் அந்தத் தோளை வைத்துக்கொண்டு அக்காவால் டயரைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. டிக்கியிலேயே வைத்தால் நாற்காலி உள்ளே போகாது. கடைசியில் அவளுடைய டயரும் என் வாசலுக்கே வந்து சேர்ந்தது. வந்ததில் அது ஒன்றுதான் புதுசு. மற்றதெல்லாம் தேய்ந்து வழுக்கை விழுந்தவை. அக்காவின் சீட்டுக்குத் தைத்ததில் மிஞ்சிய பழுப்பு ரெக்சினில் அதற்கு ஒரு உறை தைத்தேன். நூறு டயர் கிடந்தாலும் இது அக்காவுடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. கேஸும் ஒழுங்காக ஓடியது, வாடகையும் ஏறவில்லை. கொஞ்ச காலம் நானேகூட வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளும் வந்தது. நான் ரெக்சின் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், பாலம் கட்டுகிற இடத்தில் அக்காவின் கார் ஓரமாக ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. கத்தி பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினேன். ரோட்டில் துருத்திக்கொண்டிருந்த கம்பி முன் டயரின் பக்கவாட்டைக் கிழித்திருந்தது. ஒட்டுப் போட முடியாத கிழிசல். பின் சீட்டில் டீச்சர். அவருக்கு டயாலிசிஸ் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன.

"ஸ்டாண்டுக்குப் போன் பண்ணிட்டேன். அவர்தான் எடுத்தார். டயரைக் கொண்டு வர்றார்" என்றாள் அக்கா. அவர் என்றால் அத்தான். அன்று அவருக்கு விடுமுறை, ஸ்டாண்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. காருக்குள் இருந்தால் புழுங்குகிறது என்று டீச்சரை நாற்காலியில் இறக்கி, நான் வாங்கிவந்த ரெக்சினைப் பிரித்து அவருக்கு மேலே நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கி, போல்ட்டையெல்லாம் கழற்றித் தயாராக வைத்தாள். அத்தான் ஒரு ஸ்டாண்ட் வண்டியில் வந்து இறங்கினார். அந்த வண்டி அவரை உதிர்த்துவிட்டு அடுத்த சவாரிக்குப் பறந்தது. டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பழுப்பு உறை இல்லை.

"இது என் டயர் இல்லையே" என்றாள் அக்கா.

"உன்னோடதை அங்க காணோம். உறை மட்டும் கீழ கெடந்துச்சு. அதனால சைஸ் பாத்து எடுத்துட்டு வந்தேன். டயர்ல எழுதியிருக்கற நம்பர் அத்தனையும் ஒத்துப்போகுது. ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்தேன்."

அக்கா அந்த டயரைத் தூக்கி அச்சில் வைத்தாள். அது ஏறவில்லை. வண்டியில் நாலு போல்ட். வந்த டயரில் அஞ்சு ஓட்டை.

"சைஸ் சரியாத்தான் இருக்கு" என்றார் அத்தான்.

அக்கா அஞ்சு ஓட்டையையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"திருப்பிப் போட்டுப் பாரு" என்றார்.

நான் ரெக்சினைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தார். இல்லையென்றால் கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், வீசியிருப்பேன். நம்பரையெல்லாம் படிக்கத் தெரிந்த மனிதருக்கு ஓட்டையை எண்ணத் தெரியவில்லை. திருப்பினால் அந்தப் பக்கம் நாலு ஓட்டை இருக்குமா?

அக்கா மறுபடி ஸ்டாண்டுக்குப் போன் செய்தாள். ஒரு வண்டி வந்தது. டிக்கியைத் திறந்தால் உள்ளே கொழுத்த பன்றி மாதிரி உருளை டேங்க் படுத்திருந்தது. நாற்காலிக்கு இடமில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் அதே டேங்க். டாக்சிக்கு எதற்கு டிக்கி என்று கேட்ட மகராசன் அத்தனை வண்டியிலும் அதை அடைத்து வைத்திருந்தார். இரண்டாவது டிரைவர், "டீச்சரை மட்டும் ஏத்திக்கறேன், நாற்காலிய நீங்க வச்சுக்குங்க" என்றார்.

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அங்க கொண்டுபோய் என்னை எங்க வைப்ப? தரையிலயா? ஆஸ்பத்திரில நாற்காலி காலியா இருந்தா நான் ஏன் சொந்தமா ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்?"

அவர் அசடு வழிந்து போய்விட்டார். கடைசியில் நிறுத்தியவர், தண்ணீர் கேன் ஏற்றிப்போகும் ஒரு லோடு வண்டிக்காரர். முகம் தெரியாத மனிதர். இறங்கி வந்து, கேன்களை ஒதுக்கி இடம் செய்து, நாற்காலியோடு டீச்சரைத் தூக்கிப் பின்னால் ஏற்றினார். எத்தனையோ பேருக்கு விரல் பிடித்துத் தட்டச்சுச் சொல்லிக்கொடுத்தவர், சேலை முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கேன்களுக்கு நடுவில் ஆடிக்கொண்டு போனார். நாற்காலி உருண்டுவிடாமல் அக்கா முட்டிபோட்டு இரண்டு சக்கரத்தையும் பிடித்துக்கொண்டாள். அந்தத் தோளோடு. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எரிந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நர்சைக் குறை சொல்ல முடியாது, முடிந்தவரை காத்திருந்து பார்த்திருக்கிறாள். மறுநாள் காலையில் முதல் ஆளாக வரச் சொன்னாள். அன்று இரவு டீச்சரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, அக்கா விடியும்வரை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மெஷினில் ஏற்றியபோது, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர். கஷ்டம் என்றால் என்னவென்று அக்காவுக்குத் தெரியும். அவள் ஜன்னலில் பார்த்தவள்.

அக்காவின் டயர் எங்கே போனது என்பது செக்ரட்டரி திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அவருக்கு நீண்ட தூரச் சவாரி ஒன்று கிடைத்திருக்கிறது. அவருடைய வண்டியும் அக்காவுடைய வண்டியும் ஒரே மாடல். தன் ஸ்டெப்னி வழுக்கை, அக்காவுடையது புதுசு. உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதை எடுத்துக் காரில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். வழியில் அவருக்குப் பஞ்சராகவே இல்லை. சும்மா போய்விட்டுச் சும்மா வந்திருக்கிறது அக்காவின் டயர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

"என்னம்மா இப்ப, அதான் திருப்பிக் கொண்டுவந்துட்டேன்ல" என்றார் என்னிடம்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"நமக்குள்ள என்ன கேக்கறது. நான் போனது எவ்வளவு தூரம் தெரியுமா? உங்க அக்கா ஊருக்குள்ளதான சுத்துது. ஆஸ்பத்திரிக்குத்தான போகுது."

ஆஸ்பத்திரிக்குத்தான். அந்தத் 'தான்' என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஊர்சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்குப் புது டயர், உயிரைச் சுத்தம் செய்துகொள்ளப் போகிறவளுக்கு எது கிடைத்தாலும் போதும்.

"அண்ணே, அந்த டீச்சருக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு உங்களுக்குத் தெரியுமா? நேத்து அவங்களால நேரத்துக்குப் போய்ச் சேர முடியல" என்றேன். அவர் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். வாசலில் இருந்த டயர்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போய் ஸ்டாண்ட் அறைக்குள் தள்ளினேன். அவருடைய நாற்காலிமேல் ஒன்று, மேஜைமேல் ஒன்று, மீதியைக் கதவு சாத்த முடியாத அளவுக்கு. டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. "இனிமே எனக்கு உங்க சீட்டு கவர் வேலையே வேணாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுவாரமே கவருக்கு வந்தார்கள், தைத்தும் கொடுத்தேன், அது வேறு விஷயம். டயரோடு யாரும் வரவில்லை.

அக்காவின் டயரை மட்டும் நான் உருட்டவில்லை. அதைத் துடைத்து உறையைப் போட்டு உள்ளே வைத்திருந்தேன். சாயங்காலம் அக்கா, கிழிந்ததுக்குப் பதில் வேறு டயர் வாங்கி மாட்டி, காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். "கேஸைக் கழட்டி எறிஞ்சிடு" என்றேன்.

"கழட்டினா பழையபடி பெட்ரோல். வாடகையை ஏத்தணும்" என்றாள். அவள் மனதுக்குள் எல்லாவற்றையும் ஏற்கெனவே நிறுத்துப் பார்த்துவிட்டிருந்தாள். டயரின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "இதை முன் சீட்டுல வச்சா பெல்ட் எட்டுமா?"

"சவாரிக்கு ஒரு ஆள் குறையுமே."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டமாவா வர்றாங்க? டீச்சர், துணைக்கு ஒருத்தர். பின் சீட்டு போதும். இது என் கண்ணு முன்னாடி இருக்கணும். இனிமே எவன் கை வைக்கிறான்னு பாக்கறேன்."

அவள் அவ்வளவு பேசியதே அதிகம். நான் உறையின் முதுகுப்பக்கம் இரண்டு வார் வைத்துத் தைத்தேன், பெல்ட் நழுவாமல் இருப்பதற்கு. முன் சீட்டில் வைத்துப் பூட்டிப் பார்த்தோம். பழுப்புச் சீட்டில் பழுப்பு உறை, அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

டீச்சருடைய அடுத்த டயாலிசிஸ் அன்று காலையில் அக்கா அவரை ஏற்றிக்கொண்டு அத்தானைக் கூப்பிட வந்தாள். எங்கள் வீடு அவர்கள் வீட்டுக்கு எதிரில்தான், நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அத்தான் சாப்பாட்டுப் பையோடு வந்து வழக்கம்போல முன்கதவைத் திறந்தார். டயர் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"என்னது இது?"

"ஸ்டெப்னி."

"அது தெரியுது. நான் உக்கார்ற எடத்துல எதுக்கு? ஒரு சீட்டு வீணாப் போகுதே, கணக்குப் போட்டுப் பாத்தியா?"

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "போட்டுப் பாத்துட்டேன். வழியில நின்னா இது இறங்கி வேலை செய்யும். பின்னால ஏறுங்க."

டீச்சர் தன் பையை மடியில் எடுத்து வைத்து இடம் விட்டார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை, நேராகவே பார்த்தேன். அவர் முன்கதவைச் சாத்திவிட்டு டயருக்கு நேர் பின்னால் ஏறினார். கார் நகர்ந்தது. தெருமுனைத் திருப்பத்தில் "லெஃப்ட்ல" என்று ஆரம்பித்தாராம், டீச்சர்தான் பிறகு சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லையாம். டயர் மறைத்ததில் அவருக்கு ரோடு தெரியவில்லை.